சம்பந்தியின் கூரைத்தோட்டம்

ஆகஸ்ட் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுவது போலவே இருக்கிறதாம். என் மகள், அதாவது உங்கள் மருமகள், சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் என் தொண்டை கேட்காது.

விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நம் பிள்ளைகள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் போன வருடம் நான் புல்வெளி போட்டுக் கொடுத்தேன் அல்லவா? அது நல்லதா கெட்டதா என்று எடைபோட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. ஒரு கட்டடத்தால் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன கேடு, என்ன நன்மை என்று கணக்குப் பார்ப்பதே உங்கள் வேலை என்று மாப்பிள்ளை வாயை விட்டுவிட்டார். உடனே செயலாளர், "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையணும்?" என்றார். ஒருவர் மட்டும் எழுந்து, "சொந்தக்காரங்களாச்சே, பூசி மெழுகிட மாட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குச் செயலாளர் சொன்ன பதில்: "சம்பந்தி செஞ்ச வேலையில சம்பந்தி குத்தம் கண்டுபிடிக்காம விடுவாங்களா? இதைவிடக் கறாரான ஆள் நமக்கு எங்க கிடைக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வளாகத்தில் மற்ற கட்டடங்கள் எல்லாம் வெறும் சிமென்ட் மாடியோடுதான் நிற்கின்றன. நீங்கள் நல்லது என்று எழுதினால் அத்தனைக்கும் நானே தோட்டம் போடுவேன். கெட்டது என்று எழுதினால் இருப்பதையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். காலமெல்லாம் தரையில் தோட்டம் போட்டவன் நான். வானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போட்டது இதுதான் முதல். காலையில் ஏறி மாடிக் கதவைத் திறந்தால், நாலு மாடி உயரத்தில் இத்தனை பச்சை காற்றில் அசைகிறது. இதை நானா செய்தேன் என்று எனக்கே நம்ப முடிவதில்லை.

தராசு உங்கள் கையில். முள்ளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


ஆகஸ்ட் 14

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. காகிதத்திலும் உங்கள் தொண்டை நன்றாகவே கேட்கிறது.

முள்ளை நான் தொடமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்ததும் நல்லது என்று முடிவு கட்ட நான் ஆடு இல்லை.

கூரைத்தோட்டத்தின் கணக்கு கூரையில் தொடங்குவதில்லை. மண் லேசாக இருக்க வேண்டும் என்று சுட்ட களிமண் உருண்டைகளைக் கலந்திருக்கிறீர்கள். அதைச் சுட்ட சூளையில் எவ்வளவு எரிந்தது? அது எத்தனை தூரம் லாரியில் வந்தது? வேர் கீழே இறங்காமல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர் ஒழுகாமல் ஒன்று, வடிவதற்கு ஒன்று. அவை எங்கே பிறந்தன, கிழிந்த பிறகு எங்கே போகும்? தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார் தினமும் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது? இதெல்லாம் ஒரு தட்டில். கீழே இருக்கிறவர்களுக்கு எவ்வளவு வெயில் குறைகிறது, மழையில் எவ்வளவைப் பிடித்து வைக்கிறது, என்னென்ன உயிர் அங்கே பிழைக்கிறது என்பது அடுத்த தட்டில். இரண்டையும் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

இரண்டு வெப்பமானிகள் அனுப்பியிருக்கிறேன். தானே எழுதிக்கொள்ளும் வகை. ஒன்றை உங்கள் மண்ணுக்கு அடியிலும் மற்றதைப் பக்கத்துக் கட்டடத்தின் வெறும் மாடியிலும் வைக்கச் சொல்லுங்கள். மழை பெய்ததும் இரண்டு மாடிக் குழாய்களிலும் வரும் முதல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புங்கள்.

மருமகளுக்கு என் அன்பு. அவள் போன் செய்வதில்லை என்று நான் குறை சொல்லவில்லை. செய்வதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


செப்டம்பர் 19

சம்பந்தி அம்மாவுக்கு,

மழை வந்தது. என்ன மழை என்கிறீர்கள்! நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டிலோடு நானும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றோம். மழை தொடங்கிய சற்று நேரத்திலேயே பக்கத்துக் கட்டடத்தின் குழாய் வாயைத் திறந்துவிட்டது. அது கொட்டிய வேகத்தில் செருப்புகள் எல்லாம் தெருவில் மிதந்தன. எங்கள் குழாயிலிருந்து ஒரு சொட்டு இல்லை. மழை அடித்துக்கொண்டே இருக்கிறது, குழாய் சும்மா இருக்கிறது. "அடைச்சுக்கிச்சா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கும் பயம்தான். மேலே ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. புல் குனிந்து நிற்கிறது, மழை அதற்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். காதை மண்ணில் வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய சத்தம், தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஒரு மழையையே குடித்துக்கொண்டிருந்தது அம்மா, என் கூரை. அங்கேயே நனைந்துகொண்டு நின்றேன். கண்ணிலும் கொஞ்சம் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டு வெகு நேரம் கழித்துத்தான் எங்கள் குழாய் சொட்டத் தொடங்கியது. தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. நல்ல சத்துள்ள மண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? மாதம் இருமுறை மூட்டை மூட்டையாக உரம் ஏற்றி, கைக்குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டி வளர்க்கிறேன். இரண்டு பாட்டில்களையும் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். வெப்பமானிகளும் உள்ளே இருக்கின்றன.

மகள் உங்களுக்குப் போன் செய்தாளாமே. நான் சொல்லித்தான் செய்தாள் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லவே இல்லை. ஒரு தடவைதான் சொன்னேன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


அக்டோபர் 5

சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் வெப்பமானி. வெறும் மாடியில் வைத்தது பகலில் முட்டை வேகும் அளவுக்கு ஏறி, ராத்திரியில் இறங்கி, மறுநாள் மறுபடி ஏறியிருக்கிறது. உங்கள் மண்ணுக்கு அடியில் வைத்ததன் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். என் மகனுக்கு வேறு இரண்டை அனுப்பி, ஊருக்கும் உங்களுக்கும் தெரியாமல் திரும்பவும் வைக்கச் சொன்னேன். மறுபடியும் அதே கோடு.

ஒரு சாண் மண். அது ஒரு சூரியனை நிறுத்திவிடுகிறது. இதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, இதற்குக் கீழேதான் என் பிள்ளையும் உங்கள் பெண்ணும் படுத்துத் தூங்குகிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அப்படிச் சிலிர்க்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பாட்டில். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். உங்கள் குழாய்த் தண்ணீரில் இருப்பது சத்து இல்லை, உரம். வெறும் மாடித் தண்ணீரைவிடப் பல மடங்கு. அந்தக் குழாய் தெருச் சாக்கடையில் சேர்கிறது, சாக்கடை தெருமுனைக் குட்டையில் சேர்கிறது. குட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். தண்ணீரே தெரியவில்லை, மேலெல்லாம் பாசி. மீன் செத்து மிதக்கிறது என்று என் மகன் சொன்னான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எனக்குப் புரிகிறது. ஆனால் ஊட்டி வளர்த்த வரைக்கும் போதும். இந்த மாதத்திலிருந்து உரத்தை நிறுத்துங்கள், மோட்டாரையும் நிறுத்துங்கள். ஊட்டாமல் உயிரோடு இருக்குமா என்று பார்த்த பிறகே நான் அறிக்கையை முடிப்பேன். சங்கத்துக்கும் இதை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


டிசம்பர் 2

அம்மாவுக்கு,

உரத்தை நிறுத்தியாயிற்று. மோட்டாரை நிறுத்தியாயிற்று. புல்லும் நின்றுவிட்டது.

ஐப்பசி மழையும் இந்த வருடம் ஏமாற்றிவிட்டதில், மேலே இப்போது பழைய பாய் விரித்த மாதிரி இருக்கிறது. துணி காயப்போட வருகிறவர்கள், "தோட்டக்காரரே, எப்ப அறுவடை?" என்று கேட்கிறார்கள். உங்கள் அறிக்கையை வைத்து முடிவு செய்யும் சங்கக் கூட்டம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அது வரைக்கும் இது பிழைக்காது.

எனக்குச் சொல்வதற்கு முன்னால் சங்கத்துக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் நானே போய் அவர்களிடம் சொல்லியிருப்பேன். குட்டைக்கு நானும் போய்ப் பார்த்தேன். மீனைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஊர் முழுக்க என்னை மீன் கொன்றவன் என்று பேசும்படி ஆகிவிட்டது. நம் பிள்ளைகளின் கல்யாணத்தில் அத்தனை பேர் சாப்பிட்டு எழுந்தார்கள், சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று வாயைத் திறந்து சொன்னது நீங்கள் ஒருவர்தான். உப்புக் குறைவுதான், அது வேறு விஷயம்.

காய்ந்ததை அடுத்த வாரம் பிடுங்கப் போகிறேன்.

தோட்டக்காரன்


டிசம்பர் 8

சம்பந்தி அவர்களுக்கு,

பிடுங்காதீர்கள். கடிதம் சேருவதற்குள் பிடுங்கிவிடுவீர்களோ என்று பயந்துதான் உங்களிடம் சொல்லும்படி என் மகனுக்குப் போன் செய்தேன்.

சங்கத்துக்கு முதலில் எழுதியது தப்பு. தண்ணீரில் இருந்ததை எழுதியது தப்பில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நானும் குழப்பவில்லை. உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வருத்தப்படுகிறேன்.

என் நிலைமையையும் கேளுங்கள். இதுவரை போட்ட கணக்கில் உங்கள் கூரை தோற்கிறது. சூளை, லாரி, பிளாஸ்டிக், மோட்டார், குட்டை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தை அழுத்துகின்றன. வெயிலும் மழையும் அடுத்த பக்கம் இருந்தும் தூக்க முடியவில்லை. இப்படியே அனுப்பினால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கை வரவில்லை என்பதற்காகப் பொய் எழுதவும் மாட்டேன். ஆகவே காத்திருக்கிறேன். நீங்களும் காத்திருங்கள். காய்ந்த புல்லின் கீழே மண் நிழலில்தான் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருங்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். கோபம் முதல் மாதத்தோடு போய்விட்டது. மிச்சம் இரண்டு மாதம் வீம்பு.

ஜனவரியில் நாலு நாள் தூறல் விழுந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் மேலே போனேன். காய்ந்த புல்லுக்கு நடுவே ஊசி ஊசியாக ஏதோ பச்சை. நான் விதைக்கவில்லை. யாரும் விதைக்கவில்லை. காற்று கொண்டுவந்ததா, பறவை போட்டதா, மண்ணிலேயே கிடந்ததா தெரியாது. பிப்ரவரியில் பார்த்தால் தரையோடு படர்ந்த கொடி, சின்ன மஞ்சள் பூ, பெயர் தெரியாத கொத்துச் செடி. தோட்ட வேலையில் இவற்றையெல்லாம் களை என்று பிடுங்கியே கை காய்த்துப் போனவன் நான். நீங்கள் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எறும்பு வந்தது. தேனீ வந்தது. நாலு மாடி ஏறி நத்தை எப்படி வந்தது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இப்போது சொல்லப் போவதை உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் காலையில் கதவைத் திறந்தேன், ஒரு பறவை கத்திய கத்தலில் நெஞ்சு நின்றுவிட்டது. ஆள்காட்டி. நீளக் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் தொங்கும் தோல். ஆள் வந்தால் ஊருக்கே காட்டிக் கொடுக்கும் ஜாதி. வயலிலும் பொட்டலிலும் கிடப்பது இங்கே எதற்கு வந்தது என்று பார்த்தால், கைப்பிடிச் சுவர் ஓரமாக நான் கொட்டிய கூழாங்கல்லில் நாலு முட்டை. கல் எது முட்டை எது என்று தெரியாது. காலை ஓரடி தள்ளி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

இன்னும் கேளுங்கள். வெயில் ஏறியதும் அது எழுந்து பறந்து போகிறது. நான் அதைக் கண்ணால் தொடர்ந்தேன். தெருமுனைக் குட்டையில் இறங்கி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு, திரும்பி வந்து ஈர வயிற்றோடு முட்டைமேல் உட்காருகிறது. முட்டை சூட்டில் வெந்து போகாமல் இருக்க அம்மா, தண்ணீரை வயிற்றில் சுமந்து வருகிறது. நான் பாழாக்கிய அதே குட்டையிலிருந்து. பாசி இப்போது பாதிக்குப் பாதி விலகியிருக்கிறது. விலகாமல் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும்?

கட்டடமே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி ஒவ்வொருவராக ஏறி வந்து மாடிக் கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் போகிறது. "எப்ப அறுவடை?" என்று கேட்டவர்தான் இப்போது மற்றவர்களிடம், "சத்தம் போடாதீங்க" என்கிறார். இதை உங்கள் நல்ல தட்டில் போடலாம் அல்லவா?

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


மார்ச் 27

சம்பந்தி அவர்களுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து நடந்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

ஆனால் இப்போதே எந்தத் தட்டிலும் போட முடியாது. பறவைகளைப் பற்றித் தெரிந்த சிநேகிதி ஒருத்தியிடம் விசாரித்தேன். இந்தக் குஞ்சுகள் பிறந்த அன்றே நடக்குமாம். தாய் ஊட்டாது, தானே பூச்சி தேடித் தின்ன வேண்டும். தரையில் என்றால் தேடிக்கொண்டே எங்கேயாவது போய்விடும். கூரையில் எங்கே போகும்? பல இடங்களில் இப்படிப் பசுமைக் கூரையை வயல் என்று நம்பி முட்டையிட்டு, குஞ்சுகள் பட்டினியிலும் தாகத்திலும் செத்திருக்கின்றன. அப்படி நடந்தால் உங்கள் கூரை அடைக்கலம் இல்லை, பொறி. அதைக் கெட்ட தட்டில்தான் போடுவேன், என் கையாலேயே.

செய்ய வேண்டியது: ஆழமில்லாத தட்டுகளில் தண்ணீர். குஞ்சு மூழ்கக் கூடாது, உள்ளே கல் போடுங்கள். உளுத்த மரத்துண்டுகளை அங்கங்கே கிடத்துங்கள். அடியில் பூச்சி பெருகும். காய்ந்த புல்லைத் தொடாதீர்கள், அதற்குள்தான் அவற்றின் சாப்பாடு முழுக்க இருக்கிறது. சுவரில் தண்ணீர் வடியும் துவாரங்களுக்கு வலை. பிறகு எல்லோரும் கீழே இறங்கிவிடுங்கள்.

எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் நடுவில் வருகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


ஜூன் 16

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் நாம் இருவரும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததை மாப்பிள்ளை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். "அம்மாவும் மாமாவும் இவ்வளவு நேரம் வாக்குவாதம் இல்லாம இருந்தது இதான் முதல் தடவை." அந்த முதல் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, ஈரம் காய்ந்ததும் எழுந்து நின்று, நேராகப் போய் ஒரு பூச்சியைக் கொத்தியதே, அப்போது நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாலில் ஒன்று இரண்டாம் வாரம் போய்விட்டது. வெயில்தான். சுவரோரமாகக் கிடந்தது. நானே எடுத்துப் புதைத்தேன். மற்ற மூன்றும் தின்று தின்று வளர்ந்தன. மே கடைசியில் சுவர்மேல் ஏறி நின்றன. ஒரு விடியற்காலை மூன்றும் அடுத்தடுத்துப் பறந்து போயின. மகள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

உங்கள் அறிக்கையைக் கூட்டத்தில் நானே வாங்கி வாசித்தேன். "இந்தக் கூரையை இப்படிப் போட்டது தவறு. போட்டதை இனி எடுப்பது அதைவிடத் தவறு. இதே முறையில் இன்னொன்று போடக் கூடாது." நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ஆனால் ஒரு வரியையும் விழுங்கவில்லை. கூரை இருக்கட்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

பிறகு மற்றக் கட்டடங்களின் பேச்சு வந்தது. "நீங்க எப்படிப் போடுவீங்க?" என்று செயலாளர் கேட்டார். சூளை உருண்டை வேண்டாம், கட்டடங்கள் தாங்குகிற அளவுக்கு இங்கேயே தோண்டிய மண்ணும் உடைத்த செங்கல்லும் போதும், மோட்டார் வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு செடியும் நட மாட்டேன், வருவது வரட்டும் என்று காத்திருப்பேன் என்றேன். "காத்திருக்கறதுக்கு ஒரு ஆளா?" என்றார் ஒருவர். வேறொரு தோட்டக்காரர் வந்திருந்தார், ஒரே மாதத்தில் புல்வெளி என்று படம் காட்டினார். நானும் புல்வெளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை எனக்குத்தான். வாய் வரைக்கும் வந்தது. வயிற்றில் தண்ணீர் சுமந்துகொண்டு வெயிலில் திரும்பி வந்த அந்தப் பறவை கண்ணுக்குள் நின்றது. சொல்லவில்லை. வேலை அவருக்குப் போய்விட்டது.

உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


ஜூன் 24

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து என் வீட்டு மொட்டை மாடியில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். வெறும் சிமென்ட். எத்தனையோ பேருடைய கூரைகளை எடைபோட்டிருக்கிறேன், என் தலைக்கு மேலே இருப்பதை ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.

நேற்று கணக்குப் போட்டேன். கட்டடம் தாங்கும், பொறியாளரிடம் காட்டி எழுதி வாங்கிவிட்டேன். நீங்கள் கூட்டத்தில் சொன்ன முறையில் போட்டால் நன்மை அதிகமா செலவு அதிகமா என்று மூன்று விதமாகப் பார்த்தேன். முள் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கமும் சாயவில்லை. என்ன முளைக்கும், யார் வந்து தங்குவார்கள் என்று தெரியாதபோது அந்த இடத்தில் எந்த எண்ணைப் போடுவது? அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். இத்தனை வருட வேலையில் நான் காலியாக விட்ட முதல் கட்டம் அது. அதைப் பார்க்கப் பார்க்க, தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே சிலிர்ப்புதான் வருகிறது.

முள் நடுவில் நின்றால் மனுஷிக்குத் தன் இஷ்டப்படி செய்ய உரிமை உண்டு. எனக்கு ஒரு கூரை போட்டுக் கொடுங்கள். காத்திருப்பதற்கு ஆள் வேண்டும்.

அடுத்த மாதமே வாருங்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். விதை, நாற்று, உரம் எதுவும் வேண்டாம். நீங்கள் வெறுங்கையோடுதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்